அந்தச் சீட்டில் எழுதியது என் கை

அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மறக்க நினைத்தும் முடியாத ராத்திரிகள் சில உண்டு. அதில் ஒன்றை இன்று எழுதிவிடுகிறேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம்.

ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். கேஷுவாலிட்டியில் நானும் டூட்டி டாக்டரும்தான். இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இருபது வயதுகூட இருக்காது. ஒருவர் மெமோவை நீட்டி, "ரிமாண்டுக்குப் போகணும் சார், ஃபிட்னஸ் போட்டுக் குடுத்துடுங்க" என்றார். சிறைக்கு அனுப்பும் அளவுக்கு உடம்பு நலமாக இருக்கிறது என்ற சான்றிதழைத்தான் ஃபிட்னஸ் என்பார்கள். டாக்டர் நாடி பார்த்தார், பி.பி. பார்த்தார். நான் ஸ்டூலைக் காட்டி "உட்காருப்பா" என்றேன். "பரவால்ல சிஸ்டர், நிக்கிறேன்" என்றான். இன்னொரு தடவையும் சொன்னேன். மேஜை விளிம்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டானே தவிர, உட்காரவில்லை.

அவனால் ஏன் உட்கார முடியவில்லை என்பது அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் சட்டையைக் கழற்று, திரும்பி நில் என்று யாரும் சொல்லவில்லை. "வெளிக்காயம் எதுவும் இல்லை" என்று டாக்டர் சொல்ல, சீட்டில் எழுதியது என் கை. கையெழுத்து அவருடையது. ஐந்து நிமிடத்தில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மருத்துவ மோசடி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, செய்யாத ஆபரேஷனுக்குக் காப்பீட்டுப் பணம் எடுப்பது. இல்லாவிட்டால், கைது என்றதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏ.சி. அறையில் போய்ப் படுத்துக்கொள்ளும் பெரிய மனிதர்கள். அடிபட்டு நிற்கிறவனை நலமாக இருக்கிறான் என்று எழுதித் தருவதை நாம் மோசடிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. என்னைக் கேட்டால், மருத்துவத் துறையில் நடக்கிற மோசடிகளிலேயே இதுதான் மிகக் கொடியது. சிறைக்குள் ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய வைத்தியம் இந்தச் சீட்டில்தான் தொடங்குகிறது. இதில் காயமே இல்லை என்று எழுதிவிட்டால், அப்புறம் எந்தக் காயத்துக்கு யார் மருந்து போடுவார்கள்?

சாத்தான்குளம் யாருக்கும் மறந்திருக்காது. ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்று 2020 ஜூன் 19-ஆம் தேதி ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையையும் மகனையும் போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். விடிய விடிய அடி. மறுநாள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். சிறைக்கு அனுப்பலாம் என்ற சான்றிதழ் அங்கே கிடைத்தது. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார். அருகில் அழைத்து முகம் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை, மாடியிலிருந்தே கையசைத்து அனுப்பிவிட்டார் என்ற புகார் அப்போதே எழுந்தது. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி கோவில்பட்டி கிளைச் சிறை. 22-ஆம் தேதி ராத்திரி மகன் இறந்தார், 23-ஆம் தேதி காலையில் தந்தை. ரத்தத்தில் நனைந்த லுங்கிகளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள் என்று படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. அந்த மருத்துவமனையிலும் ஒரு டூட்டி டாக்டர் இருந்திருப்பார், பக்கத்தில் என்னைப் போல ஒருத்தி நின்றிருப்பாள்.

சட்டம் இல்லாததால் இது நடக்கிறது என்று சொல்ல முடியாது. 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், கைதானவர் கேட்டால் அவரைப் பரிசோதித்து உடம்பில் உள்ள சிறிய காயத்தைக்கூடக் குறிக்க வேண்டும், காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. முதல் முறை ரிமாண்ட் செய்யும்போது ஆளை நேரில் நிறுத்த வேண்டும் என்பதும் சட்டம்தான். பொய்ச் சான்றிதழ் எழுதுவது பொய் சாட்சி சொல்வதற்குச் சமமான குற்றம். என் பணிக்காலத்தில் ஃபிட்னஸ் சீட்டுக்காக ஒரு டாக்டர்கூட விசாரிக்கப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பணக்காரர்களின் பொய் நெஞ்சுவலி இன்னொரு விதத்திலும் ஏழையைத்தான் அடிக்கிறது. கைதி வார்டில் நான் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே மூச்சு முட்டி வருகிறவனைப் பார்த்தும் முதல் வார்த்தை, "நடிக்கிறான் சிஸ்டர்". நீதிமன்றத்திலும் இதே சந்தேகம்தான். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சாமியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபர் 8-ஆம் தேதி கைதானபோது அவருக்கு வயது 83. பார்க்கின்சன் நோய். டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாத கை. இடைக்கால ஜாமீன் கேட்டபோது, கொரோனாவைச் சாக்கிட்டு ஆதாயம் தேடுகிறார் என்றது தேசியப் புலனாய்வு முகமை. உறிஞ்சிக் குடிக்கும் குழாயும் சிப்பர் குவளையும் வேண்டும் என்று நவம்பர் 6-ஆம் தேதி அவர் மனுப் போட்டார். பதில் சொல்லவே 20 நாள் அவகாசம் வாங்கினார்கள். சிப்பருக்கு 20 நாள்!

2021 மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வீடியோ வழியாகப் பேசினார். தலோஜா சிறைக்கு வந்தபோது உடம்பு வேலை செய்தது, இப்போது நடக்கவோ எழுதவோ தானாகச் சாப்பிடவோ முடியவில்லை என்றார். மே 28-ஆம் தேதிதான் தனியார் மருத்துவமனைக்கு மாற்ற உத்தரவு வந்தது. போனதும் கொரோனா உறுதியானது. ஜூலை 5-ஆம் தேதி, ஜாமீன் மனு விசாரணையில் இருக்கும்போதே, அவர் இறந்துவிட்டார் என்று டாக்டர் நீதிபதிகளிடம் சொன்னார். அவர் மேல் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை. நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் இப்படி விசாரணைக் கைதிகள்தான்.

சிறை டாக்டர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதில்தான் சிக்கல். கைதியை வெளி மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்று டாக்டர் எழுதினாலும், வழிக்காவலுக்கு ஆள் இல்லை என்றால் அன்றைக்கு ஸ்கேன் இல்லை. மருத்துவ முடிவை மருத்துவரல்லாத சிறை ஊழியர்கள் மாற்றக் கூடாது என்று 2015-இல் ஐ.நா. ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் சொல்கின்றன. பிரான்ஸ் 1994-லேயே சிறை வைத்தியத்தைச் சுகாதாரத் துறையிடம் கொடுத்துவிட்டது. நாமும் அதைச் செய்யாமல் எதுவும் மாறாது என்றே நினைக்கிறேன்.

அது நடக்கிறபோது நடக்கட்டும். இன்றைக்கே செய்ய முடிந்த ஒன்று இருக்கிறது. கைதானவரை டாக்டர் பரிசோதித்து, காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் எழுத வேண்டும். அந்த அறிக்கையின் நகலைக் கைதானவரிடமோ அவர் சொல்லும் ஆளிடமோ தர வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 54-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 53-ஆவது பிரிவு. அத்தனை வருடத்தில் ஒரே ஒரு குடும்பம்கூட என்னிடம் வந்து அந்த நகலைக் கேட்டதில்லை. கேட்கலாம் என்று அவர்களுக்குத் தெரியாது. நாங்களும் சொன்னதில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளையையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ பிடித்துக்கொண்டு போனால், ஸ்டேஷன் வாசலிலேயே நிற்காதீர்கள். ஒருவர் நேராக அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டிக்குப் போங்கள். 53-ஆவது பிரிவுப்படி நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேளுங்கள். டூட்டியில் இருக்கிற தங்கச்சிகளுக்கும் ஒன்று சொல்கிறேன். உட்கார மறுக்கிற பையன் வந்தால், ஸ்கிரீனை இழுத்துவிட்டு, சட்டையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நான் அன்றைக்குக் கேட்கவில்லை.