ஆயி மண்டபம் கிருஷ்ணதேவராயர் கட்டினது இல்லங்க

பாண்டி பாரதி பூங்காவுல நிக்கற ஆயி மண்டபம் போட்டோவ போட்டு "500 வருஷம் பழசு, ஆயிக்காக கிருஷ்ணதேவராயர் கட்டினது"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்திட்டு இருக்கு, அது தப்பு. மண்டபம் எழுந்தது பிரெஞ்சுக்காரங்க காலத்துல, மூணாம் நெப்போலியன் ஆட்சியில, அதாவது 1852க்கும் 1870க்கும் நடுவுல, ராயர் 1529லயே காலமாயிட்டாரு.

கட்டடத்த பக்கத்துல போய் பாத்தாலே புரியும், வெள்ளை வெளேர்னு கிரேக்க ரோமானிய பாணி தூணு, வளைவு வாசல், விஜயநகரத்து யாளியோ கொடுங்கைங்கற வளைஞ்ச கூரை விளிம்போ எங்கயும் கிடையாது. எனக்கு ஊர்லயே ரொம்பப் பிடிச்ச கட்டடம் இது, புதுச்சேரி அரசு சின்னத்துலயும் இதுதான் இருக்கு.

குழப்பம் வந்தது கதையால. ஆயிங்கற தாசியோட வீட்ட கோயில்னு நெனச்சு ராயர் கும்பிட்டுட்டாராம், தாசி வீடுன்னு தெரிஞ்சதும் கோவத்துல இடிக்கச் சொல்ல, அவங்களே இடிச்சுட்டு அந்த எடத்துல ஊருக்குக் குளம் வெட்டினாங்களாம். இது செவிவழிக் கதை, ஆனா அருமையான கதை, அதுலகூட ராயர் மண்டபம் கட்டினதா வரவே இல்ல. பிற்பாடு பிரெஞ்சுக்காரங்க, ஆயி குளம் வெட்டினதா சொல்ற முத்திரையர்பாளையத்துலேருந்து டவுனுக்குக் குடிதண்ணி கொண்டாந்தாங்க, அந்த நெனவாத்தான் மண்டபமும் ஆயி பேரும். ஃபார்வர்ட் பண்றவங்க தயவுசெஞ்சு ராயர் கட்டினார்ங்கற வரிய எடுத்துட்டு அனுப்புங்க.