கோண்டி பேசுகிறவர்களுக்கு எந்த மாநிலம்?

நவம்பர் 1 வந்தால் கேரளப் பிறவி, கன்னட ராஜ்யோத்சவம் என்று காலையிலிருந்தே வாழ்த்துகள் குவியும். நம் பக்கம் எல்லைப் போராட்டத் தியாகிகளை நினைவுகூர்வோம். எனக்கு இந்த நாள்மேல் பெரிய மரியாதை உண்டு. 1956ல் மொழியைப் பெருமளவு அடிப்படையாக வைத்து 14 மாநிலங்களும் 6 யூனியன் பிரதேசங்களும் அமைத்ததுதான், சுதந்திரத்துக்குப் பிறகு இந்த நாடு எடுத்த முடிவுகளிலேயே மிக நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் அந்த நன்மை எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

இந்த மாநிலங்களை யாரும் தாமாக முன்வந்து தந்துவிடவில்லை. 1920 நாக்பூர் மாநாட்டில் தன் மாகாணக் கமிட்டிகளை மொழிவாரியாக அமைத்துக்கொள்ள முடிவெடுத்த காங்கிரஸ், ஆட்சி கைக்கு வந்ததும் தயங்கியது. பிரிவினையின் ரத்தம் காயாத நேரம், தயக்கம் புரிகிறது. மொழிவாரி மாநிலங்கள் தேவையா என்று ஆராய அமைத்த தார் கமிஷன் 1948ல் வேண்டாம் என்றது. நேரு, படேல், பட்டாபி சீதாராமய்யா மூவரும் இருந்த குழு 1949ல் தள்ளிப்போடச் சொன்னது.

அப்புறம் 1952 அக்டோபர் 19 அன்று சென்னை மயிலாப்பூரில், புலுசு சாம்பமூர்த்தி வீட்டில், தெலுங்கு பேசுகிறவர்களுக்குத் தனி மாநிலம் கேட்டு பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் உட்கார்ந்தார். டிசம்பர் 15 இரவு உயிர் போனது. ஆந்திரப் பகுதி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். நான்கே நாளில் நேரு ஆந்திர மாநிலத்தை அறிவித்தார். சென்னை யாருக்கு என்ற சண்டையில் ம.பொ.சி. தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம் என்று நின்றார். தெற்கே திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பம்பாய்க்காக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகுதான் 1960ல் மகாராஷ்டிரா வந்தது.

இத்தனை உயிர்கள் வீண் போகவில்லை. மொழி கேட்டால் நாடு உடையும் என்றார்கள். மொழியைக் கொடுத்த இடங்களில் அந்தக் கோபம் அடங்கியது. அதே 1956ல் இலங்கை சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த நாடு அதற்குக் கொடுத்த விலையை நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஜெயித்தவர்களிடம் என்ன இருந்தது? தெலுங்கருக்கும் மராத்தியருக்கும் நமக்கும் பத்திரிகை இருந்தது, கல்லூரி இருந்தது, வக்கீல்கள் இருந்தார்கள், சட்டமன்றத்தில் எழுந்து பேச ஆள் இருந்தது. இது எதுவும் இல்லாதவர்கள் கேட்டபோது என்ன நடந்தது?

1928 ஒலிம்பிக்கில் ஹாக்கித் தங்கம் வென்ற இந்திய அணியின் கேப்டன் ஜெய்பால் சிங் முண்டா. அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளுக்காகப் பேசியவர். 1949 செப்டம்பரில், அரசியல் சாசனம் அங்கீகரிக்கும் மொழிகளின் பட்டியலான எட்டாவது அட்டவணை விவாதத்துக்கு வந்தபோது முண்டாரி, கோண்டி, ஓராவோன் மூன்றையும் சேர்க்கச் சொன்னார். ஏற்கவில்லை. 14 மொழிகளோடு அட்டவணை நிறைவேறியது. 1952 தேர்தலில் அவருடைய ஜார்க்கண்ட் கட்சி பிகார் சட்டமன்றத்தில் முக்கிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. அப்படியும் 1955ல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் தனி ஜார்க்கண்ட் கோரிக்கையை நிராகரித்தது. அந்த வட்டாரத்துக்குப் பொதுவான ஒரே மொழி இல்லை என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பல மொழி பேசும் மக்கள் ஒற்றுமையாகச் சேர்ந்து கேட்டது அவர்களுக்கே எதிரான வாதமாகிவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. 2000 நவம்பர் 15ல், பிர்சா முண்டா பிறந்த நாளில் மாநிலம் வந்தது. ஆனால் பிகாரின் தென்பகுதி மட்டும்தான் கிடைத்தது. வங்கம், ஒடிசா, மத்தியப் பிரதேசப் பகுதிகளையும் சேர்த்துக் கேட்ட பழைய கோரிக்கை அப்படியே நின்றுபோனது.

கோண்டு மக்களின் நிலை இதைவிட மோசம். கோண்டி நம் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 30 லட்சம் பேர். 1956ல் போட்ட மாநில எல்லைக் கோடுகள் அவர்கள் காட்டுக்கு நடுவே போயின. இன்று சத்தீஸ்கரின் பஸ்தரில் பிறந்த கோண்டுக் குழந்தை ஹிந்தியில் படிக்கிறது. மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் பிறந்தால் மராத்தி. தெலங்கானாவின் அடிலாபாத்தில் தெலுங்கு. வீட்டில் ஒரே மொழி பேசுகிறவர்கள் எழுதுவது மூன்று வேறு மொழிகளில், இரண்டு வேறு எழுத்துகளின் வழியாக. கோண்டிக்கென்றே எழுத்து இல்லாமலும் இல்லை; அடிலாபாத் பக்கம் குஞ்சாலா என்ற ஊரில் தனி எழுத்தில் எழுதிய பழைய ஏடுகளே கிடைத்திருக்கின்றன. அங்கே தெலுங்கும் இங்கே மராத்தியும் மாநில மொழியாக நிமிர்ந்து நிற்க, கோண்டி எல்லா இடத்திலும் சிறுபான்மை. ஒரு கோடிப் பேருக்கு மேல் பேசும் பீலிக்கும் இதே கதைதான்: ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், குஜராத், மகாராஷ்டிரா என்று நாலாகக் கிடக்கிறது.

அம்பேத்கர் 1955லேயே எச்சரித்தார். ஒரு மாநிலத்துக்கு ஒரு மொழி என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்த மாநிலத்துக்குள் ஒரு பெரிய சாதி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு சிறிய சமூகங்களை நசுக்கும் ஆபத்து உண்டு என்றார். சிறிய மொழிகளுக்கும் இது அப்படியே பொருந்துகிறது.

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. மாநிலங்களைப் பிரித்த அதே 1956ல்தான் அரசியல் சாசனத்தில் 350ஏ பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அது. மாநிலம் கேட்டு உயிர் கொடுத்த வேகத்தில் கால் பங்கைக்கூட இந்தப் பிரிவுக்கு எந்த மாநிலமும் காட்டவில்லை. தமிழ்நாட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஹிந்தியைத் திணிக்காதே என்று டெல்லியிடம் நாம் சொல்வது நூறு சதவீதம் நியாயம். அந்த நியாயத்தை நீலகிரியில் இருக்கும் தோடருக்கும் கோத்தருக்கும் இருளருக்கும் குறும்பருக்கும் நாமே கொடுத்தோமா? வீட்டில் தன் மொழியை மட்டும் கேட்டு வளர்ந்த ஆறு வயசுப் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் நம் பாடநூல் தமிழைக் கேட்டு மலைத்துப்போய் உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு நாம்தான் டெல்லி.

எண்ணிக்கை குறைவு, புத்தகம் போட முடியாது என்று பதில் வரும். 2011 கணக்கில் சமஸ்கிருதத்தைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் 24,821 பேர். அது அட்டவணையில் இருக்கிறது. கோண்டியும் பீலியும் இல்லை. சந்தாலி என்ற பழங்குடி மொழி 2003ல் உள்ளே வந்தது, ஆனால் அது தானாக வரவில்லை. ரகுநாத் முர்மு 1925லேயே சந்தாலிக்கென்று ஓல் சிக்கி எழுத்தை உருவாக்கினார், தலைமுறை தலைமுறையாகக் கேட்டார்கள், கிடைத்தது.

முடியும் என்பதற்கு ஒடிசாவைப் பாருங்கள். 1936லேயே மொழிவாரி மாகாணமானது அது. 2006 வாக்கில் சௌரா, குயி, குவி, கோயா, ஜுவாங் உள்ளிட்ட பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்க வகுப்புகளை ஆரம்பித்தது. பிறகு 21 மொழிகளுக்கு விரித்தது. அந்தந்த ஊர் ஆட்களையே ஆசிரியர்களாக எடுத்தார்கள், அவர்கள் கதையையும் பாட்டையும் பாடமாக்கினார்கள். குறைகள் நிறைய உண்டு, ஆசிரியர் பற்றாக்குறையும் உண்டு. ஆனால் முதல் பத்தில் ஒன்றான போண்டா மொழியைப் பேசுகிறவர்கள் மொத்தமே சில ஆயிரம் பேர்தான். அவர்களுக்கும் புத்தகம் அச்சாகியிருக்கிறது.