டைட்டானிக்கில் அவள் ஏறவே இல்லை
பண்டைய எகிப்தியக் கடவுள் ஆமோன்-ராவின் பூசாரிணி ஒருத்தியின் பழிவாங்கும் மம்மிதான் டைட்டானிக்கை மூழ்கடித்தது என்று கட்டுரையில் சர்வசாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அந்தப் பொருள் 1889-லேயே லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்துவிட்டது, 1912-ல் கப்பல் மூழ்கியபோதும் அங்கேதான் இருந்தது. முதலில் அது மம்மியே கிடையாது, மம்மியின் மேல் வைத்து மூடும், வண்ணம் தீட்டிய மரப்பலகை, அவ்வளவுதான். தாடியில்லாத முகத்தையும் விரல்களை நீட்டி வைத்திருக்கும் கைகளையும் வைத்துத்தான் ஒரு பெண்ணுக்காகச் செய்தது என்றே சொல்கிறார்கள். பெயர்கூட அதில் இல்லை, பூசாரிணி என்பதெல்லாம் ஊகம். இந்தச் சாபக் கதையை ஊரெல்லாம் பரப்பிய பத்திரிகையாளர் டபிள்யூ. டி. ஸ்டெட் டைட்டானிக்கில் போய் இறந்தார், அப்புறம் வதந்திக்குக் கேட்கவா வேண்டும்! மேலே கருத்து எழுதிய ஒருவர் அந்தப் பலகையை அமெரிக்கப் பணக்காரருக்கு விற்றுவிட்டார்கள் என்கிறார், இல்லைங்க, 22542 என்ற எண்ணோடு மியூசியத்திலேயேதான் இருக்கிறது.