படுக்கையருகே போகாத மேய்ப்பர்

ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பது பற்றி ஒரு போதகர் மேடையில் பேசிய அந்த வீடியோவை நானும் பார்த்தேன். முதலில் வேண்டாம் என்றுதான் ஒதுக்கி வைத்திருந்தேன். ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்ததால், கடைசியில் அவருடைய முழுப் பிரசங்கத்தையும் உட்கார்ந்து கேட்டேன். துண்டை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறாய் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக் கூடாது. முழுதும் கேட்ட பிறகு கோபம் குறையவில்லை, கூடித்தான் போனது.

"ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கக் கர்த்தர் என்னை அழைக்கவில்லை, திரளான ஜனங்களுக்குப் பிரசங்கிக்க அழைத்திருக்கிறார்." இதைத்தான் சொன்னார். முன்னும் பின்னும் சொன்னதெல்லாம் இதை இன்னும் அழுத்துகிறதே தவிர மாற்றவில்லை. கூட்டத்தில் பலர் சிரித்தார்கள். சிலர் கைதட்டி ஆமென் போட்டார்கள். யாரை மனதில் வைத்து அதைச் சொன்னார் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தன் வீட்டு நோயாளிக்காக அவரை அழைத்த அந்தக் குடும்பம் பணம் கேட்கவில்லை, சிபாரிசு கேட்கவில்லை. ஒரு தரம் வந்து பார்த்து ஜெபித்துவிட்டுப் போங்கள் பாஸ்டர் என்று கேட்டது. அதற்கான பதில் ஒலிபெருக்கியில் வந்தது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வியாதியாய்க் கிடக்கும் ஒருவரைப் பார்க்கப் போவது தன் அழைப்புக்குக் கீழானது என்று நினைப்பவர் நல்ல பேச்சாளராக இருக்கலாம். மேய்ப்பராக இருக்க முடியாது. நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறான் என்று யோவான் பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. படுத்த படுக்கையில் இருப்பவரின் பெயரே தெரியாமல் எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

இயேசுவைப் பின்தொடர்ந்த கூட்டத்தைப் பற்றிப் பேசாத பிரசங்கியார் இல்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவே அவர் என்ன செய்தார் என்றும் பாருங்கள். யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள், அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறார், ஜனங்கள் நெருக்குகிறார்கள். பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள, அதாவது இரத்தப்போக்கு நிற்காத, ஒரு ஸ்திரீ பின்னாலிருந்து வஸ்திரத்தைத் தொடுகிறாள். நின்றுவிட்டார். கூட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு, அவள் உண்மையையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். எரிகோவிலும் அப்படித்தான். பர்திமேயுவைப் பேசாதிரு என்று அதட்டியது கூட்டம், நின்று அவனை அழைத்தவர் ஆண்டவர். மொத்தக் கூட்டமும் அங்கே ஒரு ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, இதைப் பற்றி நான் முன்பு எழுதியதற்குப் பின்னூட்டத்திலும் உள்பெட்டியிலும் வந்த பதில்களுக்கு இனி வருகிறேன்.

"அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று எழுதியவர்கள்தான் அதிகம். நூற்றைந்தாம் சங்கீதத்தை எடுத்து மேலிருந்து வாசியுங்கள். அந்நிய தேசங்களில் பரதேசிகளாய்த் திரிந்த ஆபிரகாமுக்கும் ஈசாக்குக்கும் ராஜாக்கள் தீங்கு செய்யாதபடி கர்த்தர் கடிந்துகொண்ட வார்த்தை அது. பிரசங்கியைக் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்கு அங்கே இடமே இல்லை. நாத்தான் தீர்க்கதரிசி, குற்றம் செய்த தாவீது ராஜாவிடம் நேராகப் போய் "நீயே அந்த மனுஷன்" என்றார். அந்தியோகியாவில் பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார். தாவீதையும் பேதுருவையும்விட இவர் பெரிய அபிஷேகம் பெற்றவரா?

"தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாமே, மத்தேயு பதினெட்டு அப்படித்தானே சொல்கிறது" என்றார் ஒரு சகோதரர். எனக்கு எதிராக அவர் தனிப்பட்ட குற்றம் எதுவும் செய்யவில்லை. ஆயிரம் பேருக்கு முன்னால் ஒலிபரப்பில் பேசினார். வெளிப்படையாகச் சொன்னதற்கு வெளிப்படையாகப் பதில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

உண்மையிலேயே யோசிக்க வைத்த பதில் ஒன்று உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம். "நாங்கள் தேவவசனத்தைப் போதியாமல், பந்திவிசாரணைசெய்வது தகுதியல்ல" என்று பன்னிரண்டு அப்போஸ்தலரே சொல்லவில்லையா, இந்தப் போதகர் சொன்னதும் அதுதானே என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிலும் அதே புத்தகத்தில் இருக்கிறது.

அங்கே வந்த முறையீடு, கிரேக்குப் பேசும் யூதரின் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது சாப்பாடு பகிரும் பந்தியில், விடுபட்டுப்போகிறார்கள் என்பது. அப்போஸ்தலர் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. இது எங்கள் வேலையில்லை என்று திருப்பியும் அனுப்பவில்லை. உடனே சபையைக் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அதற்குக் கேட்ட தகுதி என்ன? பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்து, நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும். பந்தி விசாரிப்பதற்கே இவ்வளவு கேட்டார்கள்! அந்த ஏழு பேரில் ஒருவரான ஸ்தேவான் முதல் இரத்தசாட்சி. இன்னொருவரான பிலிப்பு சமாரியாவில் பிரசங்கித்து ஊரே திரண்டு கேட்டபோது, தேவதூதன் அவரை எங்கே அனுப்பினான்? எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் வனாந்தர வழிக்கு. ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போன ஒரே ஒரு எத்தியோப்பியனுக்காக. திரளுக்குத்தான் என் அழைப்பு என்று பிலிப்பு அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பந்திவிசாரணை தகுதியல்ல என்று சொன்னவர்களில் பேதுருவும் ஒருவர். ஒன்பதாம் அதிகாரத்துக்கு வாருங்கள். லித்தாவில் எட்டு வருஷமாய்க் கட்டிலில் கிடந்த ஐனேயாவிடம் நின்று பேசுகிறவர் அதே பேதுரு. யோப்பாவில் தபீத்தாள் மரித்துவிட்டாள், தாமதமில்லாமல் வாரும் என்று இரண்டு பேர் வந்து கூப்பிட்டதும் எழுந்து அவர்களோடு போகிறார். அந்த மேல்வீட்டில் விதவைகள் அழுதுகொண்டே, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் அவருக்குக் காட்டுகிறார்கள். தலைமை அப்போஸ்தலர் அங்கே நின்று தையலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆறாம் அதிகாரத்தைக் காட்டித் தப்பிக்கிறவர்கள் ஒன்பதாம் அதிகாரம்வரை வாசிக்க வேண்டும்.

பவுலையும் சொல்லிவிடுகிறேன். கப்பல் உடைந்து இருநூற்று எழுபத்தாறு பேர் மெலித்தா தீவில் கரையேறுகிறார்கள். மழை, குளிர். அங்கே பவுல் விறகு பொறுக்கி நெருப்பில் போடுகிறார். சபைகளுக்கு நிருபம் எழுதிய அதே கை. பிறகு தீவின் தலைவன் புபிலியுவின் தகப்பன் ஜுரத்தினாலும் இரத்தபேதியினாலும் கிடக்கிறான் என்று அறிந்து, அவனிடத்தில் உள்ளே போய் ஜெபம்பண்ணி, அவன்மேல் கைகளை வைக்கிறார். இரத்தபேதிக்காரன் படுத்திருக்கும் அறை எப்படி இருக்கும் என்று நோயாளியோடு இருந்தவர்களுக்குத் தெரியும். கைதியாய்ப் போய்க்கொண்டிருந்த பவுலுக்கு அது தகுதிக்குறைவாகத் தெரியவில்லை.

"ஆயிரக்கணக்கான விசுவாசிகள், ஒரு மனுஷன் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்?" பார்க்க முடியாதுதான். எல்லோரையும் அவரே பார்க்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. வேலையைப் பலருக்குப் பகிர்ந்து கொடு என்று எத்திரோ மோசேக்குச் சொன்ன ஆலோசனை எனக்கும் தெரியும். வியாதிப்பட்டவன் "சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக" என்று யாக்கோபு எழுதும்போதும் ஒரே ஆளைச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டரில் ரிச்சர்ட் பாக்ஸ்டர் என்று ஒரு போதகர் இருந்தார், அவரே சீக்காளி. சுமார் எண்ணூறு குடும்பங்கள் கொண்ட அந்தச் சபையில், வாரத்தில் இரண்டு நாளை ஒதுக்கி அவரும் உதவியாளரும் குடும்பம் குடும்பமாகத் தனியே உட்கார்ந்து பேசினார்கள். திரளுக்குப் பிரசங்கித்தவர் என்றால் ஸ்பர்ஜனைவிடப் பெரிய பெயர் சொல்வீர்களா? 1854-ல் லண்டனில் காலரா பரவியபோது அவருக்கு வயது இருபது, அங்கே போதகராக வந்த முதல் வருஷம். சாகக் கிடந்தவர்களின் வீடுவீடாகப் போனார், அடக்க ஆராதனைகளை நடத்தினார், தானும் விழுந்துவிடுவோமோ என்று தோன்றும் அளவுக்குக் களைத்துப்போனார். அவருடைய பிரசங்கங்களை மேற்கோள் காட்டாத மேடை இல்லை. அந்தக் காலரா வீடுகளை மட்டும் எல்லோரும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

இதை எழுதும்போது கை ஏன் இவ்வளவு வேகமாகப் போகிறது என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். என் அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்தார். அம்மா வருஷக்கணக்கில் ஒரு பெரிய ஊழியத்தைத் தாங்கினவர். காணிக்கை அனுப்பத் தவறியதே இல்லை. படுத்தவுடன் ஜெபிக்கக் கேட்டு எழுதினோம். ஒரு குரல்பதிவு வந்தது. அம்மாவின் தலைமாட்டில் போனை வைத்துப் போட்டுக் காட்டினேன். அம்மாவின் முகம் மலர்ந்தது. அதே பதிவு, ஒரு வார்த்தைகூட மாறாமல், வேறு வேறு வியாதிகளுக்காகக் கேட்டிருந்த மற்ற வீடுகளுக்கும் போயிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அம்மாவிடம் அதை நான் சொல்லவே இல்லை.

நேரில் வந்தவர் எங்கள் சிறிய சபையின் வயதான போதகர் ஐயா. அவருக்குப் பிரசங்கம் வராது. தாளைப் பார்த்து, குனிந்த தலை நிமிராமல் வாசிப்பார். வாலிபர்கள் நெளிவார்கள். ஆனால் அம்மாவுக்கு இடப்பக்கம் கவனம் போகாது என்று முதல் நாளே கண்டுபிடித்து, நாற்காலியை வலப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டவர் அவர்தான். எங்களுக்கே அது அதுவரை உறைக்கவில்லை. கர்த்தருடைய ஜெபத்தை அம்மாவோடு சொல்வார். "பரமண்டலங்களிலிருக்கிற" என்று சொல்லிவிட்டு நிறுத்துவார். அம்மாவின் வாய் கோணி, நாக்கு புரளாமல், அந்த ஒரு சொல் வெளியே வர எவ்வளவோ நேரம் ஆகும். அவர் எடுத்துக்கொடுக்க மாட்டார், கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். வந்த பிறகுதான் "எங்கள் பிதாவே". ஆமென்வரை அப்படியே. ஒருநாள் படுக்கை நனைந்துவிட்டது, அம்மா கூசிப்போய் அழ ஆரம்பித்தார். "அழாதீங்கம்மா, நான் வெளியே நிக்கிறேன்" என்று எழுந்து போய், மாற்றி முடித்ததும் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தார்.

ஆகவே, ஆஸ்பத்திரி ஏறி இறங்குவது ஏதோ வேலையற்றவர் செய்கிற வேலை என்கிற தொனியில் ஒருவர் பேசி, அதற்குச் சபை சிரிக்கும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த ஐயாவைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். அவரைப்போல ஒவ்வொரு சபையிலும் இருக்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்.

"நீ என்ன ஊழியம் செய்து கிழித்தாய்?" என்று கேட்டவருக்கு: ஒன்றும் பெரிதாக இல்லை ஐயா. நான் போதகர் இல்லை. போதகரின் கை தேவைப்பட்ட வீட்டிலிருந்து வந்தவன். அதைப் பேச அந்தத் தகுதி போதாதா? எசேக்கியேல் முப்பத்துநாலில் மேய்ப்பர்களைக் கர்த்தர் எதற்காகக் கடிந்துகொள்கிறார்? நசல்கொண்டவைகளைக் குணமாக்கவில்லை, எலும்பு முறிந்தவைகளைக் காயங்கட்டவில்லை, காணாமற்போனவைகளைத் தேடவில்லை என்று. அங்கே பேசப்படுவது ஆடுகளின் பக்கத்து நியாயம். ஆடுகளின் பக்கமிருந்து நானும் பேசுகிறேன்.

அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்னும் வலிக்கிறது. ஒரு போதகர் வாய் தவறிப் பேசலாம், களைப்பில் பேசலாம். கேட்டவர்கள் ஏன் சிரித்தார்கள்? நாம்தான் இப்படிப்பட்டவர்களை உருவாக்குகிறோம். குரல் பிடித்தால் போதும், பின்னால் போகிறோம். கன்வென்ஷன் போஸ்டரில் பேசுகிறவர் முகம் பெரிதாக வேண்டும். அவருக்குப் பதிலாக ஆஸ்பத்திரிக்கு ஓடும் உதவி ஊழியரின் பெயர் ஓரத்தில்கூட வராது. பிரேதத்தோடு கடைசிவரை நிற்பவர் அவர். நடு இரவில் போனை எடுப்பவர் அவர். அவருக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகிறதா, அவர் பிள்ளைகள் படிக்கிறார்களா என்று எந்தக் கமிட்டி விசாரிக்கிறது? பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், தான் அதுவரை போயே இராத ஊரில் இருக்கும் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பேர்பேராக வாழ்த்துகிறார். எங்களுக்காக மிகவும் பிரயாசப்பட்ட மரியாள் என்கிறார். ரூபின் தாயை எனக்கும் தாய் என்கிறார். நம்மில் எத்தனை சபைகளின் ஆண்டறிக்கையில் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது?

முன்பு எழுதிய பதிவை நீக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நீக்கப் போவதில்லை. புறமதத்தார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்கிறீர்கள். வீடியோவை அவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். நம்மில் ஒருவராவது வருத்தப்பட்டார் என்பதையும் பார்க்கட்டும்.

புதிய போதகரைத் தேடிக்கொண்டிருக்கும் சபைக் கமிட்டிக்காரர்கள் என் நட்பு வட்டத்தில் சிலர் இருக்கிறீர்கள். வருகிறவரைப் பிரசங்கம் பண்ணச் சொல்லிக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் அவருடைய பழைய சபைக்கு ஒரு ஆளை அனுப்புங்கள். அங்கே நீண்டநாள் படுக்கையில் இருக்கிறவர்கள் யார் என்று விசாரித்து, அந்த வீடுகளுக்குப் போய், இவர் வந்தாரா, வந்தால் எவ்வளவு நேரம் இருந்தார் என்று கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். பிறகு ஓட்டுப் போடுங்கள்.