பார்க்க வருகிறவர்கள் ஒரு கை கொடுங்கள்

தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை நம் கடற்கரை ஊர்களில், படுத்த படுக்கையாகப் பெரியவர் கிடக்கும் வீடுகளைப் பாருங்கள். ஆம்பளை கடலில் இருப்பான், இல்லை சவூதியில். பார்த்துக்கொள்வது ஒரே ஒரு பெண், மருமகளோ மகளோ. முதுகில் படுக்கைப் புண் வந்துவிட்டால் சொந்தபந்தம் வந்து முதலில் கேட்பது, "என்னத்தப் பார்த்தா இவ?" எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அசையாமல் கிடந்தால் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தோல் நசுங்கி, ரத்தம் ஓடாமல் சதை செத்துப்போகிறது. வால் எலும்பு, இடுப்பு, குதிகால், பின்மண்டை. சில மணி நேரம் போதும். அதனால்தான் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடச் சொல்கிறார்கள், ராத்திரியும் சேர்த்துத்தான். ஒற்றை ஆளாகச் செய்து பாருங்கள், தெரியும். தூக்க முடியாமல் இழுக்கத்தான் வரும். இழுத்தால் தோல் உரசி இன்னும் கெடும். அடியில் விரித்த துணியை இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும்.

அப்புறம் தண்ணீர். மூத்திரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் பிய்ந்துவிடும். நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்கும் ஊரில் அவள் எத்தனை விரிப்புதான் அலசுவாள்?

தோல் சிவந்தால் கவனி என்கிறார்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு எங்கே தெரிகிறது? சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அதுதான் ஆரம்பம். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்த இடம் படுக்கையில் அழுந்தாமல் படுக்க வையுங்கள். புண் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ மஞ்சளையும் பவுடரையும் கொட்டிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். 2021இல் தொடங்கிய அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இப்படிப்பட்டவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

துபாய் மகன் பணம் அனுப்பிக் காற்று மெத்தை வாங்கிப் போடுகிறான். நல்லதுதான், ஆனால் மெத்தை ஆளைத் திருப்பிப் போடாது. பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பதில் முட்டையோ, முள் எடுத்துப் பிசைந்த நகரை மீனோ கொண்டுவரலாம். புண் ஆறப் புரதம் வேண்டும். வந்ததற்கு ஒருமுறை திருப்பிப் போட்டுவிட்டும் போகலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில்தானே இருக்கிறீர்கள்? அந்த 61 நாளும் ராத்திரி முறை உங்களுடையது. அவள் தூங்கட்டும்.