காத்து அடிக்க அது என்ன டயரா?

"ஃபில்டருக்கு காத்து அடிச்சாச்சுண்ணே." தண்டையார்பேட்டையில இருந்து மீஞ்சூர் வரைக்கும் எந்தப் பட்டறையில வண்டிய விட்டாலும் இதே வசனம். ஃபில்டர்னா, இன்ஜினுக்குப் போற காத்துல தூசியைப் பிடிச்சு நிறுத்தற ஏர் ஃபில்டர். வெறும் காத்து அடிச்சுட்டு ஏர் ஃபில்டர் சர்வீஸ்னு பில்லுல ஒரு வரி வேற. கேட்டா, "எல்லாரும் இப்படித்தாண்ணே பண்றாங்க." எல்லாரும் பண்றதாலதான் இங்க இத்தனை வண்டி நீலப் புகை விட்டுட்டு போகுது!

மண்ணுலயும் மேடு பள்ளத்துலயும் ஓட்டுற டர்ட் பைக்குல இருக்கறது ஃபோம் ஃபில்டர், அதுவும் எண்ணெய் ஊறின ஃபோம். தூசி அதுமேல சும்மா உக்காந்திருக்காது, எண்ணெயோட சேர்ந்து பிசினா பிடிச்சுக்கும். பட்டறை கம்ப்ரஸர்ல காத்தோட அழுத்தம் 100 பிஎஸ்ஐக்கு மேல இருக்கும். வெளிப்பக்கம் ஏர் கன்னை வச்சு அடிச்சா அந்தத் தூசி எங்க போகும்? ஃபோமைத் துளைச்சு உள்பக்கம் போகும். அடுத்த கிக்குல நேரா இன்ஜினுக்குள்ள. சுத்தம் பண்ணாமலே விட்டிருந்தா இதைவிட நல்லா இருந்திருக்கும்.

நம்ம ஏரியா தூசி லேசுப்பட்டதும் இல்ல. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரி கிளப்புற மண்ணு, நிலக்கரித் தூள், அத்திப்பட்டு பக்கம் போனா அனல் மின் நிலையச் சாம்பல். அந்தச் சாம்பல்ல பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். கையில தேய்ச்சா பவுடர் மாதிரி இருக்கும், பிஸ்டன் ரிங்குக்கும் போருக்கும் (அதான் சிலிண்டரோட உள்சுவர்) நடுவுல மாட்டினா உப்புத்தாள் வேலை பார்க்கும். போர்ல கோடு விழும், ரிங் தேயும், கம்ப்ரஷன் போகும், ஆயில் குடிக்கும், நீலப் புகை அதுல இருந்துதான். ஃபில்டர் சுத்தம் பண்ண மேனுவல்ல போட்டிருக்கற கிலோமீட்டர் கணக்கெல்லாம் சாதாரண ரோட்டுக்கு. தூசி அதிகம்னா சீக்கிரமே பாருங்கன்னு அதே பக்கத்துல எழுதியிருப்பான், அதை யார் படிக்கிறா? காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் மணல்ல ஓட்டிட்டு வந்தா கிலோமீட்டரையே பார்க்காதீங்க, அன்னைக்கே கழட்டிக் கழுவணும்.

அடுத்த கூத்து, பெட்ரோல்ல முக்கி எடுக்கறது. ஃபோமை ஒட்டியிருக்கற பசை பெட்ரோல்ல விட்டுப்போகும், தையல் பிரியும். தீப்பிடிக்கற ஆபத்து தனி. ஃபில்டர் கிளீனர் வாங்குங்க, இல்லன்னா மண்ணெண்ணெய் போதும். முக்கி, ரெண்டு கைக்கு நடுவுல வச்சு அழுத்தணும். முறுக்கிப் பிழியாதீங்கய்யா, அது பனியன் இல்ல! முறுக்கினா ஃபோம் கிழியும். அப்புறம் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணி. அலசும்போது தண்ணி உள்பக்கத்துல இருந்து வெளிய வரணும். அழுக்கு எந்தப் பக்கமா வந்துச்சோ அந்தப் பக்கமாவே போகட்டும்.

காயறதுதான் யாருக்கும் பொறுக்காத வேலை. நிழல்ல வைக்கணும், ராத்திரி முழுக்க விட்டா நல்லது. கடலோர ஈரக் காத்துல மேல காஞ்ச மாதிரி தெரியும், நடுவுல ஈரம் நிக்கும். ஈரம் இருந்தா அந்த இடத்துல எண்ணெய் பிடிக்காது, அதுவே தூசிக்கு வாசல். காஞ்சதும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஃபோம் ஃபில்டர் ஆயிலை ஊத்திப் பிசையுங்க. நிறம் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வரணும், வெளுத்த திட்டு இருந்தா அங்க எண்ணெய் இல்லைன்னு அர்த்தம். அதிகமானதைப் பிழிஞ்சு எடுத்துட்டு, கால் மணி நேரம் விட்டு மாட்டணும். இன்ஜின் ஆயிலை ஊத்திட்டு "ஆயில்னா ஆயில்தானே"ன்னு சொல்ற புத்திசாலிகளே, அது ரெண்டு நாள்ல வழிஞ்சு அடியில சேர்ந்துடும், மேல்பாதி வெறும் ஃபோம். அவசரத்துக்கு 80-90 கிரேடு கியர் ஆயில் அதைவிடப் பரவாயில்ல.

இவ்வளவையும் பண்ணிட்டு கடைசியில கோட்டை விடற இடம் விளிம்பு. ஃபில்டர் வாய் அதோட பெட்டியான ஏர் பாக்ஸ்ல உக்கார்ற இடத்துல சுத்தி மெல்லிசா கிரீஸ் தடவணும். கழட்டும்போதே இன்ஜினுக்குக் காத்து போற இன்டேக் வாயை சுத்தமான துணியால அடைக்கணும், மாட்டும்போது அதை மறக்காம எடுக்கணும். எடுத்ததும் இன்டேக் ரப்பருக்குள்ள விரலை விட்டு ஒரு சுத்து சுத்திப் பாருங்க. நறநறன்னு பட்டா போன தடவை ஃபில்டர் சரியா உக்காரல, இல்ல எங்கயோ கிழிஞ்சிருக்கு. ஏர் பாக்ஸ் அடியில ஒரு டிரெய்ன் டியூப் தொங்கும். அதுல தண்ணி நிக்குதான்னு ஒருத்தராவது பார்க்கறீங்களா? மிக்ஜாம் வெள்ளத்துல முங்கின வண்டியோட ஃபில்டரை வெயில்ல காய வச்சு அதையே திருப்பி மாட்டின ஊரு இது.

இதுல சவுண்டு வேணும்னு ஃபில்டரையே கழட்டி எறிஞ்சுட்டு ஓட்டுற தம்பிங்க வேற. கார்புரேட்டர் வண்டின்னா காத்து அதிகமாகி பெட்ரோல்-காத்து கலவை மெலியும், இன்ஜின் சூடேறும், மண்ணு தாராளமா உள்ள போகும். உனக்கு சவுண்டு, உங்கப்பாவுக்கு போர் வேலை பில்லு.

ஃபோமை எத்தனை தடவை வேணா கழுவலாம்னும் இல்ல. விரலால கிள்ளினா பொடிஞ்சா, தையல் விட்டிருந்தா, விளிம்பு நெளிஞ்சிருந்தா குப்பையில போடுங்க. பொடியற ஃபோம் தூசியைத் தடுக்காது, அதுவே உள்ள போய் கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டையான ஜெட்டை அடைக்கும்.

பேப்பர் ஃபில்டர் வண்டிக்கு இந்தக் கழுவல் எதுவும் கிடையாது. பிசுபிசுன்னு எண்ணெய் ஏத்தின பேப்பரா இருந்தா காத்தும் அடிக்கக் கூடாது, மாத்தறது ஒண்ணுதான் வழி. உலர் பேப்பர்னா குறைஞ்ச அழுத்தத்துல, உள்ளிருந்து வெளிய. சில நூறு ரூபா ஃபில்டருக்கு மூக்கால அழறவங்க போர் வேலைக்கு ஆயிரக்கணக்குல மறுபேச்சில்லாம எண்ணி வைக்கறாங்க. சரி, மாத்தலாம்னு கடைக்குப் போனா டூப்ளிகேட்டை எடுத்து நீட்டி "எல்லாம் ஒண்ணுதான் பாஸ்"ம்பாங்க. பழைய ஃபில்டரைக் கையோட கொண்டுபோய்ப் பக்கத்துல வச்சு மடிப்பை எண்ணுங்க. சுத்தியிருக்கற ரப்பரை நகத்தால அழுத்துங்க, விழுந்த குழி உடனே எழும்பலைன்னா அங்கயே வச்சுட்டு அடுத்த கடைக்கு நடங்க.