அப்புச்சி மடையை அடைத்த கதை

நொய்யல் ஆற்றில் வெள்ளம் வந்தால் பாலத்தில் நின்று வீடியோ எடுத்துப் போடுகிறோம். நுரை வந்தாலும் அதே பாலம், அதே வீடியோ. கீழே ஒரு கமெண்ட் தவறாமல் வரும்: "அந்த ஒரத்துப்பாளையம் அணையை இடிச்சுத் தள்ளுங்க." எனக்குச் சண்டையே அதில்தான்.

வெள்ளியங்கிரியில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு தாண்டி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊர்ப் பக்கம் காவிரியில் விழுகிற சின்ன ஆறு. பேரூர்க்காரர்களுக்குக் காஞ்சிமாநதி. மலையில் பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் மணல். அதைத் தெரிந்துதான் முன்னோர்கள் சித்திரைச்சாவடியில் தொடங்கி வழிநெடுகக் குட்டையான தடுப்பணைகளைப் போட்டு, உக்கடம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் என்று குளங்களுக்கு வாய்க்கால் இழுத்தார்கள். நாலு நாள் வெள்ளத்தில் குளம் நிரம்பும், வருஷத்துக்கும் கிணறு ஊறும். கீழே கொடுமணல் என்ற ஊரில் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கல்மணி கோத்திருக்கிறார்கள், இரும்பு உருக்கியிருக்கிறார்கள். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள்.

அந்தக் கொடுமணலுக்குக் கொஞ்சம் கிழக்கே, 1992-ல் வந்தது ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்காகக் கட்டியது. தேங்கியதோ திருப்பூர்ச் சாயக்கழிவு.

பனியன் துணியில் சாயம் பிடிக்க உப்பை அள்ளிக் கொட்ட வேண்டும். சாயம் துணியில் ஒட்டும், உப்பு முழுக்கத் தண்ணீரோடு போகும். தொண்ணூறுகளில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன, உப்பைத் தொடவில்லை. தெளிவாகத் தெரிந்த தண்ணீரும் பயிரைக் கொன்றது.

என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, தோட்டம் அணைக்குக் கீழே. ஒருநாள் விடியக்காலம் மம்முட்டியோடு ஓடினார். "கண்ணு, அணையில தண்ணி உட்டுட்டாங்களாமா, மடையை அடைக்கோணும்!" தண்ணீர் வந்தால் மடையைத் திறக்க ஓடுகிறவரைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். அவர் வாய்க்காலுக்கு மண் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். அடைத்தும் பிரயோஜனமில்லை, கிணறு வழியாக வந்துவிட்டது. டீ போட்டால் பால் திரிந்தது. இளநீர் கரித்தது.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். சொட்டுக் கழிவும் ஆற்றுக்கு வரக்கூடாது என்று 2006-ல் தீர்ப்பு. மதிக்கவில்லை என்று 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். திருப்பூரே வேலையில்லாமல் நின்றது. அந்த வலியும் பொய்யில்லை, என் சித்தப்பா அப்போது அங்கேதான் கூலி.

இப்போது சொல்லுங்கள், அணை என்ன பாவம் செய்தது? அது இல்லாவிட்டால் அத்தனை உப்பும் சத்தமில்லாமல் காவிரிக்குப் போயிருக்கும், கரைந்துபோச்சு என்று கணக்கை முடித்திருப்போம். தேங்கி நாறியதால்தான் வழக்குக்குச் சாட்சி கிடைத்தது. மடியில் வாங்கிக்கொண்டதைத் தவிர அந்த அணை மேல் எனக்கு வேறு புகார் இல்லை. இடிக்கச் சொல்கிறவர்கள், அடியில் படிந்த வண்டலை எங்கே கொட்டுவது என்றும் சேர்த்துச் சொல்லட்டும்.

அப்புச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கிணற்றில் மாமன் இன்னும் மோட்டார் ஓட்டுகிறார். தென்னைக்குப் பாய்ச்சுகிறார். வீட்டுக்குக் குடிக்கக் கேன் தண்ணீர்தான்.